அடி வாங்கியே பெயர் வாங்கிய ஃபிராங்க் வின்சென்ட்

#1 கடைசிவரிசை

போன வாரம் ஒரு நாள் தூக்கம் பிடிக்காமல் ‘குட்ஃபெல்லாஸ்’ என்ற ஹாலிவுட் ரவுடிப் படத்தை ஐந்தாவதோ ஆறாவதோ முறையாகப் போட்டேன். எப்போதும் அதில் முரட்டு ரவுடியாக நடித்த ஜோ பெஷியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஆள் திரையில் இருக்கும்போது வேறு யாரைப் பார்க்க முடியும்? இந்த முறை ஏனோ கண் பில்லி பேட்ஸ் என்ற பாத்திரத்தை விட்டு நகரவே இல்லை. சிறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்து, மதுக்கடையில் கோப்பையும் கையுமாக உட்கார்ந்து, பெஷியின் சின்ன வயது ஷூ பாலிஷ் வேலையைச் சொல்லிக் கிண்டல் செய்வாரே, அவர்தான்.

நடித்தவர் ஃபிராங்க் வின்சென்ட். 1937-இல் மாசசூசெட்ஸில் பிறந்து, நியூயார்க்கிலிருந்து ஆற்றைக் கடந்தால் வரும் ஜெர்சி சிட்டியில் வளர்ந்தவர். இத்தாலிய வம்சாவளி. வாழ்நாளில் பாதிக்கு மேல் திரையில் ரவுடியாகவும் ரவுடிக்குத் தலைவனாகவும் வந்துபோனவர். 2017 செப்டம்பரில் இதய அறுவைச் சிகிச்சையின்போது இறந்துவிட்டார்.

இவருடைய திரை வாழ்க்கையில் ஒரு விசித்திரமான கணக்கு இருக்கிறது. 1980-இல் ‘ரேஜிங் புல்’, 1990-இல் ‘குட்ஃபெல்லாஸ்’, 1995-இல் ‘கேசினோ’. மூன்றும் ஸ்கோர்செஸி இயக்கியவை. மூன்றிலும் கூடவே ஜோ பெஷி. முதல் படத்தில் இரவு விடுதியில் தொடங்கிய சண்டை வெளியே வருகிறது. கார்க் கதவை வின்சென்ட்டின் மேல் திரும்பத் திரும்பச் சாத்துகிறார் பெஷி. இரண்டாவதில் மிதித்துத் துவைத்து டிக்கியில் போட்டு, ஆள் இன்னும் சாகவில்லை என்று தெரிந்ததும் அம்மா வீட்டுச் சமையலறையில் எடுத்த கத்தியால் குத்துகிறார். மூன்றாவதில் வட்டியும் முதலுமாகத் திரும்புகிறது. சோளக்காட்டில் பேஸ்பால் மட்டையோடு நிற்பவர் இந்த முறை வின்சென்ட்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பெஷியைப் பார்த்து நாம் நடுங்குகிறோம் என்றால், அதில் பாதி உழைப்பு எதிரே நின்று வாங்கிக்கொண்ட மனிதருடையது. ‘குட்ஃபெல்லாஸ்’ படத்துக்காகப் பெஷிக்கு ஆஸ்கர் கிடைத்தது. மேடையேறி ஒரே வாக்கியத்தில் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். வின்சென்ட்டின் பெயர் எந்தப் பரிந்துரையிலும் இல்லை. கொடுத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. அவரைப் பற்றி ஒரு இழையாவது இருக்கட்டும் என்றுதான் தொடங்குகிறேன்.

#2 ராக்கோழி

மறுப்பதற்கு ஒரு ஆள் வேண்டுமே, வந்துவிட்டேன்.

அடி வாங்குவது ஒரு திறமை என்றால் சண்டைக் கலைஞர்கள் எல்லோருமே மேதைகள்தான். வின்சென்ட் நல்ல நடிகர், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே சட்டையை முப்பது வருடம் துவைத்துத் துவைத்துப் போட்டவர். அதே பாதி மூடிய கண், அதே இறுகிய வாய், அதே அலட்சியமான தோள். ‘தி சோப்ரானோஸ்’ என்ற மாஃபியா தொலைக்காட்சித் தொடரில் அவர் நடித்த ஃபில் லியோடார்டோ யார்? முடி வெளுத்த பில்லி பேட்ஸ். இரண்டு பேரும் சிறையிலிருந்து வெளியே வருகிறார்கள், இரண்டு பேருக்கும் உலகம் தமக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற நினைப்பு.

#3 சேலத்துக்காரி

ராக்கோழி, நீங்கள் தொடரை எத்தனை பகுதி பார்த்தீர்கள் என்று தெரிந்தால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

ஃபில் லியோடார்டோ ஐந்தாவது பருவத்தில், 2004-இல்தான் வருகிறார். வந்த புதிதில் சும்மா ஒரு முரட்டு ஆள். தம்பி பில்லி (பில்லி பேட்ஸ் இல்லை, தொடரில் வரும் வேறொருவன்) கொல்லப்பட்ட பிறகுதான் அந்த முகத்துக்குப் பின்னால் வேறு ஒன்று தெரியத் தொடங்குகிறது. இருபது வருடம் வாயைத் திறக்காமல் சிறையில் இருந்தவன் அவன். காட்டிக்கொடுத்திருந்தால் சீக்கிரம் வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. வெளியே வந்து பார்த்தால் அந்த விசுவாசத்துக்கு யாரும் ஒரு மரியாதையும் வைத்திருக்கவில்லை. ‘இருபது வருடம்’ என்று அவன் சொல்லிச் சொல்லி அது ரசிகர்களுக்குக் கேலிப் பொருளாகிவிட்டது. வின்சென்ட் ஒவ்வொரு முறையும் அதை அந்த ஆள் முதல்முறை சொல்வது போலச் சொல்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? சிறையில் வெப்பமூட்டியின் மேல் சூடாக்கித் தின்ற சீஸ் ரொட்டியைப் பற்றி ஒரு இடத்தில் பேசுவார். எழுத்தில் பார்த்தால் நகைச்சுவை வசனம். அவர் வாயில் கேட்டால் ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கைக் கணக்கு.

இன்னொன்று. ஃபில்லின் தலைவர் ஜானி சாக் தன் மகளின் கல்யாணத்தன்று எல்லோர் முன்னாலும் அழுதுவிடுகிறார். மற்றவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் இருக்கும்போது ஃபில் மட்டும் அவர் மேல் தனக்கிருந்த மதிப்பு விழுந்துவிட்டது என்கிறான். கோபம் இல்லாமல், பங்குச்சந்தை நிலவரம் சொல்வது போல. பில்லி பேட்ஸுக்கு இந்தக் குளிர்ச்சி கிடையாது. அவன் போதையிலும் கும்மாளத்திலும் பேசுகிறவன். இரண்டையும் ஒரே சட்டை என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

வீட்டோ கதையை நினைத்துப் பாருங்கள். தன் உறவுக்காரப் பெண்ணின் கணவன் ஆண்களை விரும்புகிறவன் என்று தெரிந்து அவனைக் கொல்ல வருகிறான் ஃபில். விடுதி அறையில் எங்கிருந்து வெளிப்படுகிறான்? அலமாரிக்குள்ளிருந்து. தன் பால் விருப்பத்தை மறைத்து வாழ்வதைத்தான் ஆங்கிலத்தில் ‘அலமாரிக்குள் இருப்பது’ என்பார்கள். அடியாட்கள் வேலையை முடிக்கும்போது கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த முகத்தில் வெறுப்பு மட்டும்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

#4 தாளக்கட்டு

பொதுவாக நான் இங்கே படித்துவிட்டுப் போகிறவன். இந்தத் தலைப்பு என்னை இழுத்துவிட்டது. காரணம், வின்சென்ட் அடிப்படையில் நடிகர் இல்லை, டிரம்ஸ் வாசிப்பவர். பால் ஆங்கா, டெல் ஷானன், டிரினி லோபஸ் போன்ற பாடகர்களின் பதிவுகளுக்கு வாசித்திருக்கிறார். டிரம்பெட், பியானோவும் தெரியும். தனக்கென்று ஒரு குழு வைத்து ஜெர்சி பக்கத்து விடுதிகளில் இரவுதோறும் வாசித்தார். அந்தக் குழுவுக்கு 1960-களின் கடைசியில் கிட்டார் வாசிக்க வந்த குள்ளமான இளைஞன்தான் ஜோ பெஷி.

பாட்டுக்கு நடுவே இருவரும் ஒருவரை ஒருவர் வாருவார்கள். சனங்கள் பாட்டைவிட அதற்கு அதிகமாகச் சிரிக்கவே, அதையே தனி நிகழ்ச்சியாக்கி ‘வின்சென்ட் அண்ட் பெஷி’ என்று பெயர் வைத்து எழுபதுகளின் நடுப்பகுதிவரை நடத்தினார்கள். முழுக்க முழுக்க வசைச் சிரிப்பு.

நான் பதினேழு வருடம் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவன். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், ஒன்றையும் விட்டதில்லை. பாடகர் ஒரு வரியை விழுங்கிவிட்டால் பழி டிரம்ஸ்காரன் தலையில். பாட்டு நன்றாக வந்துவிட்டால் மாலை பாடகருக்கு. இதில் வருத்தமில்லை, தொழில் அப்படி. ஆனால் எங்களுக்கு ஒன்று கைவந்துவிடும்: எங்கே அடிக்கக் கூடாது என்பது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் கை நிற்க வேண்டும். நின்று, சரியாக அடுத்த எழுத்தில் விழ வேண்டும்.

இப்போது அந்த மதுக்கடைக் காட்சியைப் பாருங்கள். பில்லி சீண்டுகிறான், பெஷிக்கு முகம் மாறுகிறது. உடனே ‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்று சமாதானம். கிட்டத்தட்ட எல்லாம் அடங்கிவிட்டது. அங்கே வின்சென்ட் ஒரு கணம் நிறுத்துகிறார். காட்சி முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் அளவுக்கு மட்டும். பிறகு விழுகிறது அந்த வரி: வீட்டுக்குப் போய் உன் ஷூ பாலிஷ் பெட்டியை எடுத்து வா. அரை நொடி முன்னால் சொல்லியிருந்தால் வெறும் கிண்டல். அரை நொடி தாமதித்திருந்தால் பெஷி திரும்பிப் போயிருப்பார். இதை ஒரு இயக்குநர் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனையோ இரவு ஒரே மேடையில் ஒருவரை ஒருவர் வைதுகொண்டவர்களுக்குத்தான் அது வரும். அந்தக் காட்சி அவர்களுடைய பழைய மேடை நிகழ்ச்சிதான், சிரிப்பு மட்டும் பாதியில் செத்துப்போய்விடுகிறது.

பக்கவாத்தியம் என்பது குறைவான வேலை இல்லை, ராக்கோழி ஐயா.

#5 கடைசிவரிசை

தாளக்கட்டு, இதற்காகத்தான் இழை தொடங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். 1976-இல் ‘தி டெத் கலெக்டர்’ என்று ஒரு படம் வந்தது. மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ரவுடிப் படம். வின்சென்ட், பெஷி இருவரும் அதில் இருந்தார்கள். படம் யார் கண்ணிலும் படவில்லை. பட வேண்டிய ஒருவர் கண்ணில் பட்டது: அப்போதே பெரிய நடிகரான ராபர்ட் டி நீரோ. அவர் ஸ்கோர்செஸியிடம் சொல்ல, ‘ரேஜிங் புல்’ படத்தில் டி நீரோவின் தம்பி வேடம் பெஷிக்குக் கிடைத்தது. பழைய கூட்டாளிக்கும் அதில் ஒரு வேடம் கிடைத்தது. அப்போது வின்சென்ட்டுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை வாழ்க்கை முழுக்க இசைதான்.

ஒருவேளை அதனால்தான் அவரிடம் புதுமுக நடிகனின் அவசரம் இல்லை. காட்சியைப் பிடுங்கிக்கொள்ளும் முயற்சியே கிடையாது. ‘குட்ஃபெல்லாஸ்’ இரண்டரை மணி நேரப் படம். அதில் இவர் உயிரோடு இருப்பது சில நிமிடங்கள். ஆனால் படம் தொடங்குவதே இவருடைய முனகலில்தான். இரவு, நெடுஞ்சாலை, மூன்று பேர், டிக்கிக்குள் தட்டும் சத்தம். கத்திக்குத்தும் துப்பாக்கிச் சத்தமும் ஓய்ந்து கதாநாயகனாக வரும் ரே லியோட்டா டிக்கியைச் சாத்திய பிறகுதான் கதை சொல்லும் குரலே வருகிறது. இடையில் புதைத்த பிணத்தைத் தோண்டி இடம் மாற்றுகிறார்கள், கடைசியில் இவர் சாவுக்குப் பழியாகத்தான் பெஷி கொல்லப்படுகிறார். முறைப்படி மாஃபியா குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஆள் மேல், மேலிடத்து அனுமதி இல்லாமல் கைவைக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். செத்துப் போன பிறகும் படத்தை நகர்த்திக்கொண்டிருப்பவர் பில்லி பேட்ஸ்.

கதைக்குப் பின்னால் உண்மைச் சம்பவமும் உண்டு. வில்லியம் பென்ட்வேனா என்பவர் 1970-இல் கொல்லப்பட்டதை வைத்து எழுதப்பட்டது அது.

#6 புதுக்கணினி

நான் இவரை முகத்தால் அறியவே இல்லை, குரலால்தான் தெரியும். ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ மூன்றாம் பாகத்தில் சால்வதோரே லியோனே என்ற தலைவனுக்குக் குரல் கொடுத்தவர் இவர்தான் என்று பிற்பாடுதான் தெரிந்தது. 2001-இல் வந்த வீடியோ விளையாட்டு. அந்தக் குரல் வேலை கொடுக்கும், புகழும், பிறகு குண்டு வைத்த காரில் ஏறச் சொல்லும். கடைசியில் நாமே போய் அவரைச் சுட வேண்டும். ஆக, என் கையாலும் இவர் ஒருமுறை செத்திருக்கிறார்.

நம் ஊரில் இதே மாதிரி வில்லன் நடிகர்களைப் பற்றியும் எழுதுவோமா? நம்பியார், அசோகன் என்று பெரிய பட்டியலே வைத்திருக்கிறேன்.

#7 இழைக்காவல்

அதற்குத் தனி இழை இருக்கிறது, நானூறு பதிவுகளைத் தாண்டிவிட்டது, பாதி சண்டை. பட்டியலை அங்கே போடுங்கள். இங்கே வின்சென்ட் மட்டும்.

#8 ராக்கோழி

சரி, தாளக்கட்டு சொன்ன பிறகு அந்த மதுக்கடைக் காட்சியை மறுபடி பார்த்தேன். அந்த இடைவெளி உண்மைதான். ஒரு படி இறங்கி வருகிறேன்.

ஆனால் இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. இத்தாலிய அமெரிக்கர்கள் என்றாலே கொள்ளைக் கூட்டம் என்று உலகம் நினைப்பதில் இந்த நடிகர்களுக்குப் பங்கு இல்லையா? வின்சென்ட் அந்தப் பிம்பத்திலேயே குடியிருந்தார். 2006-இல் ஆண்மையோடு வாழ்வது எப்படி என்று அறிவுரை சொல்லும் புத்தகம்கூட வெளியிட்டார், முழுக்க அந்தத் தோரணையில். எங்கே போனாலும் அந்த ஷூ பாலிஷ் வரியைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள், அவரும் சலிக்காமல் சொன்னார்.

அவருக்குப் பக்கத்தில் டோனி சிரிகோவை வைத்துப் பாருங்கள், சோப்ரானோஸ் தொடரில் பாலியாக வந்தவர். அவர் நிஜமாகவே அந்த உலகத்திலிருந்து வந்தவர். 28 முறை கைது, சிங் சிங் சிறையில் 20 மாதம். தொடரில் சேரும்போது, என் பாத்திரம் காட்டிக்கொடுப்பவனாக மாறக் கூடாது என்று நிபந்தனை போட்டார். அவர் முகத்தில் இருப்பது வாழ்ந்த வாழ்க்கை. வின்சென்ட் முகத்தில் இருப்பது பயிற்சி.

#9 சேலத்துக்காரி

உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. தொடரில் யார் நம்மைச் சிரிக்க வைக்கிறார்? நிஜ ரவுடியாக இருந்த சிரிகோ. யார் பயமுறுத்துகிறார்? டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த வின்சென்ட். உள்ளிருந்து பார்த்தவருக்கு அந்த உலகத்தின் கோமாளித்தனம் தெரியும். வெளியிலிருந்து கவனித்தவருக்கு அதன் கொடூரம் தெரியும். இருவருமே தொடர் தொடங்கும் முன் ‘அங்கிள் ஜூனியர்’ என்ற வேடத்துக்குத் தேர்வுக்குப் போனவர்கள், அது டொமினிக் கியானீஸுக்குப் போயிற்று. வின்சென்ட் அன்றே உள்ளே வந்திருந்தால் ஃபில் லியோடார்டோவே கிடையாது. நல்ல வேளை.

பிம்பம் பற்றிய குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதைத் தொடரே கேலி செய்கிறது. ஃபில்லுக்குத் தன் குடும்பப் பெயர் லியோனார்டோ என்றும், குடியேறியபோது அதிகாரிகள் அதை லியோடார்டோ என்று மாற்றிவிட்டார்கள் என்றும் தீராத ஆத்திரம். மாபெரும் ஓவியனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆட்டக்காரிகள் போடும் ‘லியோடார்ட்’ என்ற இறுக்கமான உடையின் பெயர். அந்த ஆத்திரத்தை வின்சென்ட் சிரிப்புக்காக ஒரு துளிகூட வளைக்கவில்லை. அதனால்தான் சிரிப்பு வருகிறது.

#10 கடைசிவரிசை

ரவுடியாக இல்லாத இரண்டு வேடங்களை யாரும் சொல்லவில்லையே. இரண்டும் ஸ்பைக் லீ இயக்கிய படங்கள். 1989-இல் வந்த ‘டு த ரைட் திங்’ படத்தில் மேல்மூடி திறந்த பழைய காரில் வருவார். தெருப் பிள்ளைகள் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டு விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். காருக்குத் தண்ணீர் படக் கூடாது என்று மிரட்டுகிறார். அப்புறம் என்ன, ஆளும் காரும் தெப்பலாக நனைகிறார்கள். ஒரு நிமிட வேடம். இங்கேயும் வாங்கிக்கொள்கிறவர்தான்.

1991-இல் ‘ஜங்கிள் ஃபீவர்’. மகள் கறுப்பினத்தவரைக் காதலிக்கிறாள் என்று தெரிந்ததும் பெல்ட்டால் அடிக்கும் தகப்பன். இதைப் பார்ப்பது கஷ்டம். துப்பாக்கியும் இல்லை, கூட்டமும் இல்லை, வீட்டுக்குள் ஒரு சாதாரண மனிதன். பில்லி பேட்ஸைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. இவனைப் பார்த்தால் எங்கள் தெருவில் எத்தனை பேர் நினைவுக்கு வருகிறார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. ‘ஒரே சட்டை’ என்று சொன்னவருக்கு இதை அன்போடு சிபாரிசு செய்கிறேன்.

#11 தாளக்கட்டு

‘கேசினோ’ பற்றி ஒரு சின்ன விஷயம். அந்தப் படத்தைக் கதைசொல்லிக் குரலாக நடத்துபவர்கள் டி நீரோவும் பெஷியும். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் மாற்றி மாற்றி அவர்கள்தான். ஒரே ஒரு இடத்தில் மூன்றாவது குரல் வருகிறது. மேலிடத்துப் பெரியவர் வின்சென்ட்டைக் கூப்பிட்டு, பெஷிக்கும் இன்னொருவன் மனைவிக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறார். உண்மையைச் சொன்னால் நண்பன் பிணம், பொய் மாட்டிக்கொண்டால் தானே பிணம். அந்த நேரத்தில் மட்டும் அவர் மனத்துக்குள் ஓடுவது நமக்குக் கேட்கிறது. முகத்தில் ஒன்றும் இல்லை. இல்லை என்று பொய் சொல்லிவிடுகிறார்.

பிறகு சோளக்காடு. பெஷி வழக்கம்போலக் கதை சொல்லிக்கொண்டே வருகிறார், வின்சென்ட்டின் மட்டை விழுகிறது, பாதி வாக்கியத்தில் குரல் அறுந்துபோகிறது. படத்தின் கதைசொல்லியையே அடித்து நிறுத்துகிறார். அன்று காப்பாற்றியவரும் இவர், இன்று முடிப்பவரும் இவர். முப்பது வருடம் பக்கவாத்தியம் வாசித்தவன் கடைசியில் பாட்டையே நிறுத்திவிட்டான் என்று எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். பாடகர்கள் மன்னிக்கவும்.

#12 சேலத்துக்காரி

அந்தச் சோளக்காட்டுப் பழிக்கு ஃபில்லும் விலை கொடுத்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன். 2007 ஜூன் 10 அன்று வந்த கடைசிப் பகுதி. பெட்ரோல் நிலையத்தில் காரை விட்டு இறங்கி, ஜன்னல் வழியாக மனைவியிடம் பேசிவிட்டு, பின் இருக்கையில் இருக்கும் பேரக் குழந்தைகளுக்கு டாட்டா காட்டுகிறான். சுடுகிறார்கள். பதறி இறங்கிய மனைவி வண்டியை நிறுத்த மறந்துவிட, அந்தக் கார் மெல்ல உருண்டு வந்து அவன் தலைமேல் ஏறுகிறது. எத்தனையோ சாவு செத்தவர், இதைவிட அபத்தமாகச் செத்ததில்லை.

#13 ராக்கோழி

நேற்று இரவு ‘கேசினோ’ போட்டேன், தாளக்கட்டு சொன்ன மூன்றாவது குரலைத் தேடி. சரியாக அங்கேதான் இருந்தது. இத்தனை முறை பார்த்தும் காதில் விழாமல் போயிருக்கிறது.

சோளக்காடு வரும்போது அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். அவர் ஆங்கிலப் படம் அதிகம் பார்க்கிறவர் இல்லை. எப்போதோ என்னோடு உட்கார்ந்து ‘குட்ஃபெல்லாஸ்’ பார்த்ததோடு சரி. செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்று பார்த்தார். மட்டையோடு நிற்பவரைக் காட்டி, “அன்றைக்கு டிக்கிக்குள் கிடந்தவன் இவன்தானே?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“அடி வாங்குகிறவன் அந்தக் குள்ளன்தானே?”

அதற்கும் ஆமாம் என்றேன்.

“அப்படியானால் சரி” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.